பாயைச் சுருட்டும் சபை

சடைச்சி நீந்தி வந்தாள். கல்மடத்துப் படித்துறையில் அவள் ஏறி வந்தபோது தலைமுடியில் பாதி கருகிப்போயிருந்தது. மடத்துப் பெண்கள் துணியை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. நேராக வீராயியிடம் போனாள்.

"உன் தம்பி மருதையன் உயிரோட இருக்கான். அதை முதல்ல சொல்லிடறேன்."

மீதியைப் பிறகு சொன்னாள். நேற்று விடியும் முன்னே, ஆற்றின் மேல்பக்கத்து ஊரான மேலணையின் ஆட்கள் வந்தார்கள். நாணற்குடி ஊரை நாலு பக்கமும் கொளுத்தினார்கள். வெளியே ஓடிவந்தவர்களை வாசலிலேயே வெட்டினார்கள். கைக்குழந்தை என்றும் பார்க்கவில்லை, கிழவன் என்றும் பார்க்கவில்லை. தப்பித்த ஜனம் ஆற்று நடுவில் மணல்திட்டில் ஏறி நிற்கிறது. இரண்டு கரையிலும் அரிவாளோடு ஆள் நிற்கிறான். மேலே மதகுப் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சடைச்சி நாணல் தண்டை வாயில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டு, தண்ணீருக்கு அடியிலேயே வந்திருக்கிறாள்.

"மருதையன் சின்னவளைத் தோள்ல வச்சிருக்கான். பெரியவனைக் கையில பிடிச்சிருக்கான். எவ்வளவு நேரம் நிப்பான்னு தெரியலை."

வீராயி அழவில்லை. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"சபைக்குச் சொன்னீங்களா?"

"நேத்தே சொல்லியாச்சு."

"அப்போ படகு எங்க?"

"அதைத்தான் உங்கிட்டக் கேக்க வந்தேன்" என்றாள் சடைச்சி.

அந்த ஆற்றங்கரையில் ஒன்பது ஊர்கள். வீராயி பிறப்பதற்கு முன்னால் அங்கே பெரிய வெட்டுக்குத்து நடந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவே ஜனங்கள் பயந்த காலம் அது. அதெல்லாம் முடிந்து, செத்தவர்களைப் புதைத்த பிறகு, ஒன்பது ஊரும் சேர்ந்து ஒரு சபைக்கூடம் கட்டின. வாசலுக்கு மேலே கல்லில் வெட்டிவைத்தார்கள்: 'இனி ஒருபோதும் கூடாது.' கூடத்தின் படித்துறையில் வெள்ளைக் கொடி கட்டிய பெரிய படகுகளை நிறுத்தினார்கள். அந்தக் கொடி பறக்கிற படகின்மேல் இதுவரை ஒருத்தனும் கை வைத்ததில்லை. கொலைகாரன்கூட ஒதுங்கி வழிவிடுவான்.

பெரிய ஊர்கள் நாலு. அந்த நாலு தலைவர்களும் பாயில் உட்காருவார்கள். சின்ன ஊர்கள் ஐந்து. அவர்களுக்கு வெறும் தரை. பாயில் இருக்கிற நாலு பேரில் யாராவது ஒருத்தர் தன் பாயைச் சுருட்டிவிட்டால் போதும், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த விதிக்குச் சம்மதித்த பிறகுதான் பெரிய ஊர்கள் சபைக்கே வந்தன.

வீராயி நாணற்குடிக்காரி. புருஷன் செத்த பிறகு கல்மடத்தில் வந்து சேர்ந்தவள். மடத்துச் சாமிக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மடத்தில் அவரை எதிர்த்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அன்றைக்கும் கேட்டாள்.

"சாமி, சபை ஏன் வரலை?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கெப்படி தெரியும்? வாங்க, போய்ப் பாப்போம்."

*

சபை கூடும்போதெல்லாம் விளக்கேற்றுவது கல்மடத்துச் சாமியின் வேலை. ஏற்றிவிட்டு மூலையில் நின்றுகொள்ளலாம். பேச உரிமை கிடையாது. வீராயி வாசலில் நின்றாள்.

உள்ளே சின்ன ஊர்க்காரர்களோடு தரையில் மேலணை நாட்டாமை உட்கார்ந்திருந்தார். அதுதான் அவளுக்கு முதல் அடி. சட்டையில் ஒரு கறை இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர் அவருக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தார்.

நெடுங்கரைத் தலைவர் தன் பாயிலிருந்து தொடங்கினார்.

"முதல்ல ஒண்ணு தெளிவாகணும். நடந்தது கொலையா, சண்டையா?"

"கொலைதான்" என்றார் பக்கத்துப் பாயில் இருந்த வேம்படித் தலைவர்.

"அவசரப்படாதீங்க. நாணற்குடிக்காரங்க கல்லெறிஞ்சாங்களா, இல்லையா?"

"எறிஞ்சாங்க. தீ வச்ச பிறகு."

"எறிஞ்சாங்கதானே?"

"எறிஞ்சாங்க."

"அப்போ சண்டை."

மேலணை நாட்டாமை வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "தீயை அவங்களே வச்சிருப்பாங்க. அட்டைங்களுக்கு என்ன புத்தி இருக்கும்?"

கல்லணித் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சபையில இப்படிப் பேசக் கூடாது. அட்டைங்கற வார்த்தையை வாபஸ் வாங்கணும்."

"சரி, வாபஸ்."

எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. பெரிய காரியம் முடிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"நாணற்குடித் தலைவர் எங்க? தரையில அவர் இடம் காலியா இருக்கே" என்றார் நெடுங்கரைக்காரர்.

"அவரை வெட்டிட்டாங்க."

"அடடா." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அப்போ அவங்க தரப்பைக் கேக்காம எப்படி முடிவெடுக்கறது?"

வீராயி வாசலில் இருந்தே கத்தினாள். "நான் நாணற்குடிதான். என்னைக் கேளுங்க."

ஒரு காவலாள் வந்து அவளை மரியாதையாகத் தள்ளி நிறுத்தினான். "தலைவருங்க மட்டும்தாம்மா பேசலாம்."

கடைசியில் வேம்படித் தலைவர்தான் சொன்னார். "வீண் பேச்சு எதுக்கு? படகை அனுப்புவோம். திட்டுல நிக்கிறவங்களை ஏத்திக்கிட்டு வரட்டும். அப்புறம் கொலையா சண்டையான்னு ஒரு மாசம் உக்காந்து பேசுவோம்."

பெருமருதூர்த் தாண்டவராயர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தார். குனிந்தார். கால்மாட்டுப் பக்கமிருந்து பாயைச் சுருட்டத் தொடங்கினார். நாணல் கோரை ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சுருட்டி முடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என் மகளை மேலணையில கட்டிக் கொடுத்திருக்கேன். அங்க நம்ம படகு போச்சுன்னா அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. வேம்படித் தலைவர்கூட. பெண்ணைப் பெற்றவர் சொன்னால் அதிலும் ஒரு நியாயம் இருக்கும் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

படகுப் பேச்சு முடிந்தது. தாண்டவராயர் மறுபடி பாயை விரித்து உட்கார்ந்தார். அடுத்த பேச்சு.

"ஆழ்ந்த வருத்தம்னு சொல்லிடலாமா?"

"ரொம்ப ஆழ்ந்த வருத்தம்னு சொல்லலாம்."

"போர்வை அனுப்பணும். தண்ணியில நிக்கிற ஜனம், குளிருமே."

"திட்டுக்கா?"

"திட்டுக்கு எப்படி? அதுக்குப் படகு வேணுமே. கரையில கொண்டுபோய் வைப்போம்."

"சபையோட வெள்ளைத் தலைப்பா ஆளுங்க ரெண்டு பேரையும் அனுப்பலாம். என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வரட்டும்."

"அவங்க கண்ணு முன்னாலயே வெட்டினா?"

"பாத்துட்டு வந்து சொல்லுவாங்க."

இதற்கு யாரும் பாயைச் சுருட்டவில்லை.

*

வீராயி படித்துறைக்கு வந்து உட்கார்ந்தாள். பெரிய படகுகள் மூன்று வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கொடிகளைத் துவைத்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சபை சொல்லாமல் அந்தப் படகுகளை ஒருத்தரும் அவிழ்த்ததில்லை. சடைச்சியும் அவளும் ராத்திரி முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைத் தலைப்பாக்காரர்கள் காலையில் திரும்பி வந்தார்கள். ஒருவர் வந்ததும் வாந்தி எடுத்தார். இன்னொருவர்தான் பேசினார்.

"திட்டுல பாதி முங்கிடுச்சு. நிக்க இடம் இல்லாம ஆளுமேல ஆளு ஏறி நிக்கிறாங்க. ஓரத்துல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா விழுறாங்க. கரைக்கு நீந்தி வந்தா வெட்டறாங்க."

"போர்வை?" என்று கேட்டான் ஒரு காவலாள்.

"மேலணைக்காரங்க வாங்கிக்கிட்டாங்க. நன்றின்னு சொல்லச் சொன்னாங்க."

சடைச்சி சிரித்துவிட்டாள்.

வீராயி எழுந்து சாமியைத் தேடிப் போனாள். அவர் கூடத்து விளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விளக்குதான் இப்போ முக்கியமா?"

"இன்னிக்கும் சபை கூடுதுக்கா. விளக்கு ஏத்தணுமே."

"அவங்களால ஏன் முடியலை, சாமி? அதை மட்டும் சொல்லுங்க. அத்தனை பேர் இருக்காங்க. படகு இருக்கு. கொடி இருக்கு. ஆளுங்க சாகறாங்கன்னு கண்ணால பாத்தவனே வந்து சொல்லியாச்சு. அப்புறமும் ஏன் முடியலை?"

"முடியலைன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் பாத்தீங்களே, நேத்து. கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கை கால் விளங்காதவங்க மாதிரி."

"அப்படியா பாத்தீங்க?"

"வேற எப்படிப் பாக்கறது?"

சாமி விளக்கைத் துடைத்து முடித்தார். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள வாங்கக்கா. இன்னிக்கு எண்ணெய் நீங்க ஊத்துங்க. அதுக்குத் தடை கிடையாது."

*

அன்றைக்குச் சபையில் பேச்சு, இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது. தண்ணீரில் விழுந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு குழப்பம். தானாக விழுந்தவன் வேறு, வெட்டப்பட்டு விழுந்தவன் வேறு என்றார் நெடுங்கரைக்காரர். பிரித்துப் பார்க்க ஒரு குழு போடலாம் என்றார் கல்லணிக்காரர்.

வீராயி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். சாமி திரியை ஏற்றினார். வழக்கமாக அதோடு மூலைக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. விளக்கை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். வீராயியிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார். தாண்டவராயரிடம் போனார்.

தாண்டவராயர் ஆசீர்வாதம் என்று நினைத்துக் கைகூப்பினார்.

சாமி அவர் பாயின் ஓரத்தில் எண்ணெயை மெதுவாக ஊற்றினார். தோசைக்கல்லில் ஊற்றுவது போல. பிறகு வெறும் கிண்ணத்தை வீராயியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துத் திரியை அதில் வைத்தார்.

குப்பென்று பிடித்தது. காய்ந்த கோரைக்குக் கேட்கவா வேண்டும்.

வீராயி அந்த இடத்திலேயே நின்றாள். அவள் ஆயுசுக்கும் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை.

தாண்டவராயர் தவளை மாதிரித் துள்ளி நின்றார். கல்லணித் தலைவர் தன் மேல்துண்டால் தீயை அடித்தார். வேம்படித் தலைவர் ஓடிப்போய் வாசல் தொட்டியில் தண்ணீர் மொண்டார். நெடுங்கரைத் தலைவர் முட்டி வலிக்காரர், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அவர் தானாக எழுந்து, குடத்தை வாங்கி, அடுத்தவர் கையில் கொடுத்தார். தரையில் இருந்த சின்ன ஊர்க்காரர்கள் சொல்லாமலே வரிசை கட்டினார்கள். குடம் கைமாறிக் கைமாறி ஓடியது. மேலணை நாட்டாமை வெற்றிலைப் பெட்டியை எறிந்துவிட்டு வெறுங்காலால் தீயை மிதித்தார். காவலாட்கள் மற்ற மூன்று பாய்களையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

இது தீயா புகையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யார் வைத்தது, எதற்கு வைத்தது, முதலில் கல்லெறிந்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எவ்வளவு எரிந்தது என்று எண்ணிப் பார்க்கக் குழு போடவில்லை.

தீ அணைந்துவிட்டது. பாயில் பாதிதான் போயிருந்தது.

மூச்சு வாங்க எல்லாரும் நின்றார்கள். பிறகு சாமியைப் பார்த்தார்கள். அவர் விளக்கைப் பழைய இடத்தில் நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டுங்கடா இவனை" என்றார் தாண்டவராயர்.

"கட்டணும்" என்றார் கல்லணிக்காரர்.

"விடக் கூடாது" என்றார் நெடுங்கரைக்காரர்.

வேம்படித் தலைவரும் கையைத் தூக்கினார். சபைக்குள்ளேயே நெருப்பு வைத்தால் அவர் என்ன செய்வார்? தரையில் இருந்தவர்களும் தூக்கினார்கள். மேலணை நாட்டாமை இரண்டு கையையும் தூக்கினார்.

"சபை கட்டின நாள்ல இருந்து இவ்வளவு ஒத்துமையா ஒரு முடிவு எடுத்ததில்லை" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். குரலில் பெருமை இருந்தது.

சாமியை இழுத்துக்கொண்டு போனார்கள். வீராயி வெறும் கிண்ணத்தோடு நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. கருகிய பாயைச் சுற்றித்தான் கூட்டம்.

"இதுல இனி உக்கார முடியாது."

"பாய் இல்லாம இவர் எப்படிச் சபைக்கு வருவாரு? சபையே நின்னு போகும்."

"புதுசு பின்னச் சொல்லணும்."

"நாணற்குடிக்கு ஆள் அனுப்புங்க" என்றார் நெடுங்கரைக்காரர். "என்னதான் சொன்னாலும் அவங்க பின்னற மாதிரி வேற யாருக்கும் வராது."

வீராயி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். இல்லை. மனசார ஒரு ஊரைப் பாராட்டுகிற முகம் அது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் திடுக்கிடவில்லை.

"ரெண்டா சொல்லுங்க" என்றார் கல்லணிக்காரர். "ஒண்ணு கையிருப்புல இருக்கட்டும்."

*

சாமியைப் படித்துறைத் தூணில் கட்டியிருந்தார்கள். காவலாட்கள் எல்லாரும் கூடத்தைக் கழுவப் போய்விட்டார்கள். சடைச்சி கடைசிப் படியில், தண்ணீரில் கால் வைத்து, ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீராயி வந்தாள். ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"என்னத்தைக் கிழிச்சீங்க, சாமி? படகு போகலை. பாய்தான் எரிஞ்சுது."

"ஆமா, போகலை."

"நாளைக்கு உங்களை மடத்தை விட்டே துரத்துவாங்க. இனி எங்களுக்காகப் பேச யார் இருக்கா?"

"நான் இருந்ததால நேத்து என்ன ஆச்சு?"

அவள் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்குத் தெரியலைன்னு நெனச்சேன்" என்றாள். "யாராவது சரியா எடுத்துச் சொன்னாப் புரிஞ்சிரும்னு நெனச்சேன். நான் வாசல்ல நின்னு என்ன வார்த்தை சொன்னா அவங்களுக்கு உறைக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சேன், சாமி. ஒவ்வொரு வார்த்தையா மாத்தி மாத்தி."

"ம்."

"பாய் பின்னச் சொல்றான். அந்த ஊர்ல கேட்டு வாங்குன்னு சொல்றான்."

"கேட்டுச்சுக்கா."

"அப்போ எதுக்குத்தான் இந்தச் சபையைக் கட்டினாங்க? வாசல்ல அத்தனை பெரிய எழுத்து எதுக்கு?"

சாமி கழுத்தைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தார். கயிறு இறுக்கமாக இருந்ததால் பாதிதான் திருப்ப முடிந்தது.

"முன்ன நடந்த வெட்டுக்குத்துல யாரு யாரை வெட்டினாங்க?"

"பெரிய ஊருங்கதான். நாலும் ஒண்ணையொண்ணு."

"சபை கட்டின பிறகு அந்த நாலும் எப்பவாவது வெட்டிக்கிட்டிருக்கா?"

வீராயி யோசித்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து இல்லை. கேள்விப்பட்டதும் இல்லை. யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வாசலுக்கு மேலே இருந்த கல்லெழுத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி ஏறுது" என்றாள் சடைச்சி, திரும்பாமலே. அவள் உட்கார்ந்திருந்த படி முங்கிவிட்டது. மேலே இன்னொரு மதகுப் பலகையைத் தூக்கியிருப்பார்கள். படகுகள் உயர்ந்து, கட்டின கயிற்றை இழுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

வீராயி எழுந்தாள். கூடத்தின் பக்கம் இரண்டடி நடந்தாள். திரும்பினாள்.

"வேம்படித் தலைவர் நல்லவர். அவர் கால்ல விழுந்து பாக்கறேன். மத்தவங்ககிட்ட அவர் தனியாப் பேசினா ஒருவேளை..."

"நல்லவர்தான்."

"தாண்டவராயர் சம்சாரத்தைப் பாக்கலாம். பொம்பளைக்குப் பொம்பளை எரக்கம் இருக்கும். நாளைக்குச் சபை கூடறதுக்குள்ள..."

"அக்கா."

"என்ன?"

"அவங்க கட்டிப் போட்டது என்னை. உங்களை யாரு கட்டினது?"